சேம அச்சு: தாம்பரத்திலிருந்து ஒரு கடலோர யாத்திரை

தொண்டை நாட்டுக் கடற்கரையில் உப்பு விளைந்த இடங்களிலிருந்து உள்நாட்டை நோக்கி அந்நாளில் வண்டிகள் வரிசை வரிசையாகப் புறப்பட்டன. அவற்றைச் செலுத்தியவர்கள் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர்கள். அவ்வண்டி வரிசைக்குச் சங்கத் தமிழில் ஒழுகை என்று பெயர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை அந்த வண்டிகளை மிக நுணுக்கமாகக் காட்டுகிறது. வண்டியின் முகப்பில் காடிப் பானை இருக்கிறது. கைக்குழந்தையோடு அமர்ந்த பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் பக்கத்தில் நடந்து வருகின்றனர். வாணிகத்துக்குப் போன வண்டிதான் என்றாலும், அதுவே அவர்களுக்கு வீடாகவும் அடுக்களையாகவும் தொட்டிலாகவும் இருந்தது.

அந்த வண்டியின் அடியில் இன்னொரு பொருளும் கட்டப்பட்டிருந்தது. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்வதற்கென்று உமணர்கள் கூடுதலாக ஓர் அச்சைக் கொண்டு சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார் புறநானூற்றில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது, அவன் குடிமக்களுக்குச் சேம அச்சைப் போன்றவன் என்று உவமை சொல்கிறார். அரசனுக்கு உவமையாகும் அளவுக்கு அந்த மரத்துண்டு பெருமை பெற்றிருந்தது. இன்று ஒவ்வொரு வேனின் அடியிலும் தூசு படிந்து தொங்கும் ஸ்டெப்னி டயர் அதன் வழித்தோன்றல்தான்.

மேலைநாடுகளில் பணி ஓய்வு பெற்றவர்கள் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அமைந்த மோட்டார் வீடுகளில் கடற்கரை நெடுகச் சுற்றி வருகின்றனர். நம் ஊரில் அத்தகைய வண்டியைக் கேரவன் என்பர். சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் தெருக்களில்தான் அதனைக் காண முடியும். ஆனால் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் ஆகிய ஊர்களின் மூத்த குடும்பங்களுக்கு வேறொரு கேரவன் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்தும் வேன் அது. இருக்கைக்கு அடியில் புளியோதரைத் தூக்கு, தயிர்சாதப் பாத்திரம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வெந்நீர்க் குடுவை, மடக்கு நாற்காலி, மாத்திரைப் பை, அர்ச்சனைத் தட்டு ஆகியவை இருக்கும். படுக்கை ஒன்றைத் தவிர வேறு குறையில்லை.

தாம்பரம் இத்தகைய பயணத்துக்கென்றே அமைந்த ஊர் என்று சொல்லலாம். 1931-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து இங்குவரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயிலும் விமானப்படையிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றியவர்கள் ஓய்வுக்குப் பின் இப்பகுதியிலேயே வீடு கட்டித் தங்கினர். மேற்கே திரும்பினால் காஞ்சிபுரம், தெற்கே ஜி.எஸ்.டி. சாலை, கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் கடல். சுற்றிலும் பாடல் பெற்ற தலங்களும் மங்களாசாசனம் பெற்ற திவ்ய தேசங்களும் நிறைந்திருக்கின்றன. இருந்தும் எழுபது வயதைக் கடந்த பலர் இப்பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முழங்கால் வலி ஒரு காரணம், கழிப்பறைக் கவலை மற்றொரு காரணம். இவ்விரண்டையும்விடப் பெரிதாக நிற்பது, “வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?” என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்காகவே வழிபாடும் ஏற்பட்டிருக்கிறது. புது வண்டி வாங்கியவர்கள் சென்னை சென்ட்ரல் அருகிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு அதனைக் கொண்டுசென்று பூசை போடுவதைப் பலரும் அறிவர். யாத்திரை புறப்படும் நாளில் தெருமுனைப் பிள்ளையார் முன்பு வேனை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிய பிறகே ஓட்டுநர் வண்டியை எடுப்பார். அதற்கு முந்தைய மாலையில் அவர் செய்ய வேண்டிய இன்னொரு பூசையும் உண்டு. ஐந்து டயர்களுக்கும் காற்றுப் பார்ப்பது. நான்குக்கு மட்டும் பார்த்துவிட்டு ஸ்டெப்னியை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. தேவைப்படும் நேரத்தில் இறக்கிப் பார்த்தால் அது சப்பிக் கிடக்கும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா, துருப்பிடிக்காமல் சுழல்கின்றனவா என்பதையும் பெரியவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் தவறில்லை, நல்ல ஓட்டுநர் வருத்தப்பட மாட்டார்.

விடியற்காலையில் புறப்படும் வேன் வண்டலூரில் கிழக்கே திரும்பிக் கேளம்பாக்கம் சாலையைப் பிடிக்கிறது. வழியில் புதுப்பாக்கம் குன்றின்மேல் ஆஞ்சநேயர் எழுந்தருளியிருக்கிறார். படியேற இயலாதவர்கள் அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டுச் செல்கின்றனர். கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் காற்றின் மணம் மாறிவிடும். கோவளத்துக் கழிமுகத்தின் உப்பங்காற்று சன்னல் வழியே முகத்தில் படும்போது, தாம்பரத்தின் புகையும் ஒலியும் எங்கோ பின்தங்கிவிட்டதை உணரலாம்.

கோவளத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில் திருவிடந்தை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த இத்தலத்தில் பெருமாள் வராக மூர்த்தியாக, நாச்சியாரை இடப்பாகத்தில் ஏந்திச் சேவை சாதிக்கிறார். காலவ மகரிஷிக்கு முந்நூற்று அறுபது பெண்கள். நாளுக்கு ஒருத்தியாக அனைவரையும் மணந்துகொண்ட பெருமாள், இறுதி நாளில் அவர்கள் எல்லோரையும் ஒருத்தியாக்கி, அகிலவல்லி நாச்சியாராக இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது தலவரலாறு. நித்திய கல்யாணப் பெருமாள் என்ற திருநாமத்தின் காரணம் இதுவே. திருமணம் வேண்டி மாலையும் கழுத்துமாகப் பிராகாரம் சுற்றி வரும் இளைஞர்களையும் பெண்களையும் எந்த நாளிலும் காணலாம். மூத்தவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் ஜாதகப் பிரதியைத் தாயார் திருவடியில் வைக்கவே இங்கு வருகின்றனர். கோயில் தரைமட்டத்தில் இருப்பதால் முழங்காலுக்குத் தொல்லையில்லை. காலை வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துவிட்டு, கோயிலருகே மர நிழலில் சிற்றுண்டிப் பொட்டலங்களைப் பிரிக்கும் வேன் கூட்டங்கள் வாரந்தோறும் இங்கே உண்டு.

அங்கிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் சாளுவன்குப்பம் என்ற சிற்றூர் இருக்கிறது. புலிக்குகையைப் பார்க்க வருபவர்களில் பலர் அதன் அருகிலுள்ள மற்றொரு தலத்தைக் கவனிக்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்து வடிந்தபின் இங்குள்ள பாறையொன்றில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது மணலுக்கு அடியிலிருந்து ஒரு முருகன் கோயில் கிடைத்தது. கீழே மிகப் பழைய செங்கல் கட்டுமானம். அதன்மேல் பல்லவர் காலக் கருங்கல் பணி. முன்னே கல்லால் ஆன வேல். பழைய செங்கல் கோயில் கடலால் அழிந்ததென்றும், பல்லவர் காலத்தில் மீண்டும் எடுப்பிக்கப்பட்டதென்றும், பின்னர் அதுவும் கடலுக்கே இரையானதென்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கடலோரத்தில் கோயில் எழுப்பியவர்கள், இடிந்தால் மீண்டும் கட்ட வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே எழுப்பியிருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் நம் மரபும் அதே அறிவில் பிறந்ததுதான். திருப்பணிக் காலத்தில் தெய்வமே பாலாலயத்தில் எழுந்தருளிக் காத்திருக்கிறது.

மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகள் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் நோக்கி விரைகின்றனர். அந்த ரதங்களுக்குச் சக்கரமும் இல்லை, அச்சும் இல்லை. நின்ற இடத்திலேயே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. பழுதாகாத தேர் வேண்டுமென்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் போலும்! வழிபாட்டுக்கு வருபவர்கள் ஊர் நடுவிலுள்ள தலசயனப் பெருமாள் கோயிலுக்குச் செல்ல வேண்டும். பூதத்தாழ்வார் அவதரித்த ஊர் இது. திருப்பாற்கடலில் பள்ளிகொண்டவனுக்குத் தாமரை மலர்களைச் சாத்த விரும்பிய புண்டரீக மகரிஷி, குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைத்து வழிசெய்ய முயன்றாராம். பெருமாள் ஒரு முதியவராக வந்து பசி என்றார். முனிவர் உணவு தேடிச் சென்று திரும்புவதற்குள், அம்மலர்களைச் சூடிக்கொண்டு தரையிலேயே சயனித்துவிட்டார். முனிவர் போய்ச் சேர நினைத்த இடம் வேறு. தரிசனம் கிட்டிய இடம் பாதி வழி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் குறைந்துவிடுகிறது. கல்பாக்கத்தைக் கடந்து, பாலாற்றைத் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே சாலை நீள்கிறது. கடப்பாக்கத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைக்கு ஒரு கிளைப்பாதை செல்கிறது. அழகான இந்தப் பகுதியில்தான் வண்டிக்குச் சோதனையும் அதிகம்.

உப்புக்காற்று இரும்பின் பகைவன். கடலோரம் அடிக்கடி போய்வரும் வண்டியில் சைலன்ஸர், அடிச்சட்டம், பிரேக் குழாய்கள் ஆகியவை முதலில் துருவேறும். பேட்டரி முனைகளில் வெண்மையும் பச்சையும் கலந்த பூப்பு பூத்து, காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, வாசலின் தடவி முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயில் நேரத்தில் வெப்பமானியின் முள் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். என்ஜின் ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். கடற்கரை மணலில் சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். டயரில் சிறிது காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன் தென்னை மட்டையோ சாக்கோ இட்டு மெல்ல நகர்த்துவதே மீனவக் கிராமத்தினர் சொல்லும் வழி. பஞ்சர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சாலையோரக் கம்பத்தில் பழைய டயர் தொங்கினால் அதுவே பெயர்ப்பலகை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. வண்டி நின்றதும் பெரியவர்கள் உள்ளேயே அமர்ந்திருக்கக் கூடாது. இடப்பக்கக் கதவு வழியே இறங்கி, சாலையையும் வண்டியையும் விட்டு நன்றாக விலகி நிற்க வேண்டும். சாலையோரம் நின்ற வண்டியின் மீது பின்னால் வரும் லாரி மோதுவதே பெரிய ஆபத்து. வெயிலாக இருந்தால் குடை, மடக்கு நாற்காலி, மாத்திரைப் பை ஆகிய மூன்றும் கையோடு இறங்கிவிட வேண்டும்.

சென்ற மாசி மாதத்தில் சேலையூரிலிருந்து புறப்பட்ட ஒரு வேனுக்கு இது நேர்ந்தது. பன்னிரண்டு பேர், மிக இளையவருக்கு அறுபத்தாறு வயது. அவர்களில் ஓர் அம்மையார் மரக்காணத்தில் பிறந்தவர். எண்பதை நெருங்கிவிட்ட அவர், பிறந்த ஊர் பூமீஸ்வரர் சந்நிதியைக் கண்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நண்பகலில் நடை சாத்துமுன் போய்ச்சேர வேண்டும் என்பதே அவருடைய கவலை.

ஓட்டுநருக்கு அருகிலிருந்த இருக்கையில் தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் அமர்ந்திருந்தார். கடப்பாக்கத்தைத் தாண்டிச் சில கிலோமீட்டர் சென்றதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்.

“தம்பி, இடது பக்கம் முன் சக்கரத்துல ஒரு முனகல் கேக்குது. ஓரமா நிறுத்துப்பா.”

“மரக்காணம் பக்கம்தான் சார். கால் மணி நேரத்துல போயிடலாம். நடை சாத்திடுவாங்களே!”

“சத்தம் வேகத்தோட சேர்ந்து ஏறுது. நிறுத்திட்டுப் பாரு.”

வேன் நின்றது. பெரியவர் இறங்கிச் சென்று சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனார். தொடாமலேயே வெப்பம் தெரிந்தது. கிரீஸ் கருகும் நாற்றமும் வந்தது. ரயில் பெட்டிகளின் அச்சுப்பெட்டி சூடேறுவதைக் கண்டறிய ரயில்வேயில் கையாண்ட பழைய முறை அது. ‘ஹாட் ஆக்சில்’ என்று அதற்கு அங்கே பெயர். கவனிக்காமல் ஓட்டினால் அச்சே இற்றுவிடும். வேனில் சூடேறியிருந்தது சக்கரத்தின் பேரிங். சீல் கிழிந்து தண்ணீரும் மணலும் உள்ளே சென்று கிரீஸைக் கெடுத்திருந்தன. அதே வேகத்தில் ஓட்டியிருந்தால் பேரிங் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பாரம் ஏற்றிய வண்டியில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர் முகம் வாடிப்போயிற்று. அந்த அம்மையாரின் முகம் அதைவிட வாடியது. பன்னிரண்டு பேரும் இறங்கிச் சாலைக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையின் ஓலைப் பந்தலுக்குச் சென்றனர். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, இரு சக்கர வண்டியில் மெக்கானிக் வந்து சேர்ந்து, ஹப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, புதிய பேரிங்கும் சீலும் வாங்கத் திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பினார். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது என்றார். மணி பதினொன்று. உச்சிக்கால தரிசனம் கைநழுவியது.

தேநீர்க் கடைக்குப் பின்னால் உப்பளங்கள் பரந்து கிடந்தன. மாசி வெயிலில் பாத்திகள் வெள்ளையாகப் பளபளத்தன. கால்முட்டுவரை சேலையை ஏற்றிச் செருகிய பெண்கள் நீண்ட கழிகொண்ட பலகையால் உப்பை வாரிக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தனர். சற்று நேரம் ஒன்றும் பேசாமலிருந்த அம்மையார், மெல்ல எழுந்து பாத்தி வரப்புவரை நடந்தார். அவருடைய தந்தை உப்பளத்தில் கணக்கெழுதியவர் என்பது உடன் வந்தவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் பாத்தியில் கடல்நீர் தேங்கித் தெளிவதும், அடுத்த பாத்தியில் செறிவதும், கடைசிப் பாத்தியில் பூத்து உறைவதும் அவர் வாயிலிருந்து பாடம்போல் வந்தன. முற்றிய நீரைக் கையில் எடுத்து விரலால் தேய்த்தே பதம் சொல்வார்களாம். உப்பு வாரிய பெண்களில் ஒருத்தி பானைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மையாரின் பிறந்த தெருவைச் சொன்னதும் அவளுக்கு அது தெரிந்திருந்தது. அந்தத் தெருவில் இன்று யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இருவரும் வெயிலையும் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டிருந்தனர். புளியோதரைத் தூக்கு அந்தப் பந்தலிலேயே காலியாயிற்று. உப்பளத்துப் பெண்களுக்கும் பங்கு போயிற்று.

சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாட்டின் துறைமுகம் அது. அந்தக் கூட்டம் அமர்ந்திருந்த இடத்தின் வழியேதான் உமணர்களின் ஒழுகைகளும் சென்றிருக்கக்கூடும்.

மாலை நான்கு மணிக்குமேல் நடை திறந்தபோது பூமீஸ்வரர் கோயிலில் வேறு ஒருவரும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த சுவர்களைத் தடவிக்கொண்டே அம்மையார் பிராகாரம் வந்தார். உச்சிக்கால வேளையில் வந்திருந்தால் திரைபோடும் அவசரத்தில் இரண்டு நிமிடங்கள் கிடைத்திருக்கும். மாலையில் அரைமணி நேரம் சந்நிதியிலேயே நிற்க முடிந்தது. நெய்விளக்கு ஏற்றினார், வேண்டுதல் என்ன என்பதை எவரும் கேட்கவில்லை.

மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பினால் அச்சிறுபாக்கம். சக்கரம் பழுதான ஒரு கூட்டம் அன்று மாலை அங்கு சென்றது தற்செயல்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமான தலம் தமிழகத்தில் கிடைப்பது அரிது. முப்புரங்களை எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டபோது பூமியே தேராயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இத்தனை ஏற்பாடுகளையும் செய்த தேவர்கள் விநாயகரை முதலில் வணங்க மறந்துவிட்டனர். பெருமான் தேரில் அடியெடுத்து வைத்ததும் அச்சு முறிந்தது. அச்சு இற்ற ஊர் அச்சிறுபாக்கம் ஆயிற்று. விநாயகரை வழிபட்ட பின்னரே தேர் சீராகி மேலே சென்றது. அருணகிரிநாதர் திருப்புகழின் விநாயகர் துதியில் இச்செய்தியைப் போற்றியிருக்கிறார். கூவம் என்னும் திருவிற்கோலத்திலும் இதே வரலாறு சொல்லப்படுகிறது. அங்குள்ள பிள்ளையாருக்கு அச்சிறுத்த விநாயகர் என்றே திருநாமம். எந்த ஊரில் முறிந்தது என்று வழக்காட வேண்டியதில்லை. தொண்டை நாட்டுச் சாலைகள் அப்படிப்பட்டவை என்று வைத்துக்கொள்ளலாம்!

திருஞானசம்பந்தர் பாடிய இத்தலத்தில் இரண்டு கருவறைகள் உள்ளன. ஆட்சீஸ்வரரும் உமையாட்சீஸ்வரரும் அருள்பாலிக்கின்றனர், அம்பிகை இளங்கிளியம்மை. தலவரலாறு இங்கே இன்னொரு வண்டி முறிவையும் சொல்கிறது. பாண்டிய மன்னன் ஒருவன் வண்டியில் மண் ஏற்றி இவ்வழியே திரும்பியபோது அச்சு முறிந்ததாம். நின்ற இடத்தில் பொன்னிற உடும்பு ஒன்று தோன்றி ஒரு கொன்றை மரப் பொந்துக்குள் மறைந்தது. மரத்தை வெட்டியபோது குருதி பெருகியது. பெருமானின் வெளிப்பாடு அது என்றுணர்ந்த மன்னன், திரிநேத்ரதாரி என்ற முனிவரிடம் கோயில் பணியை ஒப்படைத்தான். திரும்பி வந்தபோது இரண்டு கருவறைகளைக் கண்டு காரணம் கேட்டான். உம்மை ஆட்கொண்டவருக்கு ஒன்று, எம்மை ஆட்கொண்டவருக்கு ஒன்று என்று முனிவர் விடை கூறினார் என்பர். தேரோ வண்டியோ, அது நின்றிராவிட்டால் இந்த ஊருக்குப் பெயருமில்லை, கோயிலுமில்லை.

சேலையூர் வேனின் ஓட்டுநர் அன்று அச்சுமுறி விநாயகருக்குத் தம் சொந்தப் பணத்தில் தேங்காய் உடைத்தார். பணிமனைப் பெரியவர், சந்நிதிக்குச் செல்வதற்கு முன் ஒருமுறையும் வந்த பின் ஒருமுறையும் சக்கரத்தின் அருகே புறங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

தாம்பரம் திரும்பும் வழியில் மதுராந்தகம். ஆளவந்தாரிடம் சேர்ப்பதற்காக முன்னொரு முறை தம்மை அழைத்துச் சென்ற பெரிய நம்பியைத் தேடி இராமாநுசர் காஞ்சியிலிருந்து புறப்பட்டார். இராமாநுசரைத் தேடிப் பெரிய நம்பி திருவரங்கத்திலிருந்து புறப்பட்டார். இருவரும் எதிர்ப்பட்ட இடம் இவ்வூர். காஞ்சிக்குச் சென்று பேரருளாளன் திருமுன் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய நம்பி எண்ணியதாகவும், ஒரு கணமும் தாமதிக்க இராமாநுசர் மனம் ஒப்பவில்லை என்றும் குருபரம்பரை வரலாறுகள் கூறும். மகிழ மரத்தடியிலேயே பஞ்சசம்ஸ்காரம் நடந்தது. இதே தலத்தின் ஏரிக்கரை மழைதோறும் உடைந்துவந்ததும், 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ், கரை நிலைத்தால் தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்துதருவதாக வாக்களித்ததும், கொட்டும் மழையிரவில் கரைமீது வில்லேந்திய இரு வீரர்களைக் கண்டதாகச் சொல்லப்படுவதும் அன்பர்கள் அறிந்ததே. ஏரிகாத்த ராமர் என்ற திருநாமமும் தாயார் சந்நிதியில் பிளேஸின் பெயர் தாங்கிய கல்வெட்டும் அந்நிகழ்ச்சியின் சான்றுகள்.

இந்தச் சுற்றுப்பயணத்தின் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கலாம்; ஆனால் மூத்தவர்கள் மாமல்லபுரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. விடியற்காலை ஐந்து மணிக்குள் தாம்பரத்தை விட்டுப் புறப்பட்டால் வண்டலூர் நெரிசலைத் தவிர்க்கலாம். நண்பகல் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கப்படும் என்பதால், இடைப்பட்ட நான்கு மணி நேரத்தை உணவுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோரத்தில் புயல் மழை மிகுதி. தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணையும், உடல்நலம் குன்றினால் 108-ஐயும் அழைக்கலாம். வீடு திரும்பிய மறுநாள் வேனின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்ல வேண்டும். கடலோரத்து உப்பு அங்கேதான் ஒட்டிக்கொண்டு வரும்.